சுட்ட மண் பொருளை உரிய விலைக்கு விற்பது எப்படி? பெங்களூரு கைவினைஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"எவ்வளவு?" என்று கேட்டவுடன் நம்மவர்கள் பலருக்குக் குரல் இறங்கிவிடுகிறது. விலையைச் சொன்ன மறுநொடி, எதிரில் நிற்பவர் வாய் திறப்பதற்குள், "நீங்க பார்த்துக் கொடுங்க" என்று தாங்களே இறங்கியும் வந்துவிடுகிறார்கள். குயவர்கள் வசிக்கும் பாட்டரி டவுனில் சக்கரத்தின் முன் உட்கார்ந்தால் ஒரே அளவில் வரிசையாக அகல் எடுத்து வைக்கிற கை, கண்காட்சியில் கடை போட்டு நிற்கும்போது என்ன செய்வதென்று தெரியாமல் மேசைத் துணியை நீவிக்கொண்டிருக்கும்.

பல வருடங்களாக இந்த வேலையிலும் விற்பனையிலும் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது வெறும் கூச்சம் இல்லை. தன் பொருளுக்கு அந்த விலை எப்படி வந்தது என்று செய்தவருக்கே கணக்காகத் தெரிவதில்லை. கணக்குத் தெரிந்தவர் விலை சொல்லத் தயங்குவதில்லை. பேரம் பேசுகிறவர் மீது கோபப்படுவதும் இல்லை. அதனால் இந்த வழிகாட்டி கடை அலங்காரத்தில் தொடங்கவில்லை, நோட்டுப் புத்தகத்தில் தொடங்குகிறது. உதாரணமெல்லாம் சுட்ட மண்ணில்தான் இருக்கும். மரம், மூங்கில், தோல் வேலை செய்கிறவர்கள் மண்ணையும் விறகையும் எடுத்துவிட்டுத் தங்கள் செலவைப் போட்டுக்கொள்ளலாம்.

1. ஒரு சூளைக்கான கணக்கை எழுதுங்கள்

ஒரு பொருளுக்குக் கணக்குப் போடுவது கஷ்டம். ஒரு சூளைக்குப் போடுவது சுலபம். 6 அங்குலச் செடித் தொட்டி 40 செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் புரிவதற்காக ரூபாயை நானே போடுகிறேன், நீங்கள் உங்கள் தொகையைப் போடுங்கள்.

களிமண், மணல் 500. மண் பிசைந்து வனைய இரண்டு நாள், நாளுக்கு 1,000 கூலி என்றால் 2,000. காய வைத்து, தேய்த்து, சூளையில் அடுக்கிப் பிரிக்க இன்னொரு நாள், 1,000. விறகு 900. ஆக 4,400. நாற்பதால் வகுத்தால் ஒரு தொட்டி 110 ரூபாய்.

பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். சூளையில் 40 வைத்தால் 40-ம் நன்றாக வருமா? விரிசல் விட்டது, ஒரு பக்கம் கருகியது, காயும்போதே வாய் கோணியது என்று ஆறு போகட்டும். மிச்சம் 34. உடைந்த ஆறுக்கும் மண்ணும் கூலியும் செலவானதுதானே? 4,400-ஐ 34-ஆல் வகுக்க வேண்டும். அப்போது ஒன்று ஏறக்குறைய 130 ரூபாய் ஆகிறது. இந்த 20 ரூபாய் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் வருடம் முழுக்கக் கையைக் கடித்துக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் காயாத மண்ணைச் சூளையில் வைக்க நேர்ந்தால் சேதம் இன்னும் கூடும். அந்த மாதக் கணக்கைத் தனியாக எழுதுங்கள்.

உங்கள் கூலியை எழுதத் தயங்காதீர்கள். "நான்தானே செய்யறேன், எனக்கென்ன கூலி" என்று சொல்கிறவர்தான் முதலில் தொழிலை விடுகிறார். மண் பிசைகிற மனைவிக்கும், அகலுக்கு வர்ணம் பூசுகிற அம்மாவுக்கும் கூலி உண்டு. அதையும் எழுதுங்கள்.

அப்புறம் விற்கிற செலவு. இரண்டு நாள் கண்காட்சிக்கு இடவாடகை 3,000, குட்டியானை வண்டி 1,500, இரண்டு பேருக்குக் கூலியும் சாப்பாடும் 4,000. மொத்தம் 8,500. அங்கே 170 உருப்படி விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 50 ரூபாய் ஏறும். காகிதமும் பையும் 15. ஆக 195. இதன் மேல் சக்கரத்து மோட்டார், கொட்டகை, வியாபாரம் இல்லாத மாதங்கள் எல்லாவற்றுக்குமாக 30 சதவீதம் வைத்தால் 250-ஐத் தாண்டுகிறது. அதற்குக் கீழே விற்றால் வாங்குபவருக்கு உங்கள் கைக்காசைச் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

2. கடைக்கும் நேரடிக்கும் விலை இடிக்கக் கூடாது

இதே தொட்டியை இந்திரா நகரில் ஒரு கடைக்காரர் மொத்தமாகக் கேட்கிறார். அவருக்குக் கண்காட்சிச் செலவு சேராது. 130, பேக்கிங் 15, மேலே 30 சதவீதம் என்றால் சுமார் 190-க்குக் கொடுக்கலாம். வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் அவருக்கும் இருக்கிறது. அவர் இரட்டிப்பாக 380 போடுவார். அதைப் பார்த்து "என் பொருளை இவ்வளவு விலைக்கு விற்கிறானே" என்று வயிறெரிய வேண்டியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவர் கடையில் 380-க்குப் பார்த்தவர், ஞாயிற்றுக்கிழமை உங்களிடமே அதே தொட்டியை 250-க்கு வாங்கிவிட்டால் அந்தக் கடை உங்களுக்கு இனி இல்லை. ஆகவே கடைக்குப் போகிற வடிவத்துக்கு எங்கேயும் ஒரே சில்லறை விலைதான். உங்கள் கடையிலும் 380 என்றே இருக்கட்டும். அந்த விலைக்கு உங்கள் வாடிக்கையாளர் வாங்க மாட்டார் என்று தோன்றினால் அந்த வடிவத்தைக் கடைக்குக் கொடுக்காதீர்கள். கடைக்கென்று வேறு வடிவம், வேறு அளவு செய்யுங்கள். நான் கண்டவரை இதுதான் சண்டை வராத வழி.

3. எந்தக் கூட்டத்துக்கு எந்தப் பொருள்

பசவனகுடியில் கன்னடக் கார்த்திக மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை வரும் கடலைக்காய் பரிஷே என்ற வேர்க்கடலைத் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கையில் குழந்தை, ஒரு பையில் கடலை. அங்கே உண்டியல், பொம்மை, அகல், சின்ன மணி போகும். 800 ரூபாய் ஜாடியை அந்த நெரிசலில் யாரும் தூக்கிச் சுமக்க மாட்டார்கள். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரகிருபா சாலையில் சித்திரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தைக்கு வருகிறவர் படம் பார்க்க, கலை வாங்க வருகிறவர். வொயிட்ஃபீல்டு பக்கத்து அபார்ட்மென்ட் சந்தைகளில் பால்கனிக்குச் செடித் தொட்டியும் சாப்பாட்டு மேசைக்குக் கிண்ணமும் கேட்பார்கள். கார் நிறுத்தும் இடம் பக்கத்திலேயே இருப்பதால் கனமான பொருளும் நகரும்.

பிள்ளையார் சதுர்த்தி தனிக் கதை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையாருக்குக் கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தடை இருப்பதால், வர்ணம் பூசாத களிமண் பிள்ளையாரைத் தேடி வருகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த மண் காய வேண்டிய நாள்களில்தான் பெங்களூரில் மழை. ஆர்டரை முன்கூட்டியே எடுத்துக் கோடையிலேயே உருவம் செய்து வைப்பவர்தான் அந்த வாரத்தில் நிம்மதியாக இருப்பார்.

4. கடையை அடுக்குதல்

எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டால் எதுவும் கண்ணில் படாது. ஒரே மட்டத்தில் இருந்தால் பின்வரிசை மறைந்துவிடும். பழைய மரப்பெட்டி, பலகை வைத்து மூன்று மட்டம் கட்டுங்கள். விலை உயர்ந்தது கண் உயரத்தில், 100 ரூபாய்க்குள் இருப்பது கைக்கு எட்டும் முன்வரிசையில். செம்மண் நிறத்துக்குச் சிவப்பு, மஞ்சள் துணி எதிரி. பொருளின் நிறத்தையே விழுங்கிவிடும். வெளுத்த பருத்தித் துணியோ சாம்பல் நிறமோ போதும்.

ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டு இருக்கட்டும். விலை கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அப்படியே நகர்ந்துவிடுகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். சீட்டில் விலையோடு ஒரு வரி: "சக்கரத்தில் வனைந்தது, விறகுச் சூளையில் சுட்டது." கன்னடத்திலும் அதை எழுதி வையுங்கள். நமக்கு எழுத வராவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள்.

முடிந்தால் ஒரு தட்டில் பச்சை மண் உருண்டை, காய்ந்த அகல், சுட்ட அகல் மூன்றையும் வரிசையாக வையுங்கள். குழந்தைகள் மண்ணைத் தொடும். அம்மா அப்பா நிற்பார்கள். நின்றவர்தான் வாங்குவார்.

5. பேச்சு

வந்தவுடன் "வாங்க, வாங்க, என்ன வேணும்" என்று நெருக்காதீர்கள். ஒரு வணக்கம், ஒரு பார்வை. அவர் கை ஒரு பொருளின் பக்கம் போகும்போது, "எடுத்துப் பாருங்க" என்று நீங்களே எடுத்து இரண்டு கையாலும் கொடுங்கள். "தொடாதீர்கள்" என்ற பலகையை நான் எந்தக் காலத்திலும் வைக்கச் சொல்ல மாட்டேன். கண்காட்சியில் ஒன்றிரண்டு உடையும். அது விற்கிற செலவில் சேர்ந்தது.

பேரம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். 380 ரூபாய்ச் சீட்டு ஒட்டிய தொட்டியைப் பார்த்து, அல்சூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா கேட்கிறார்:

"ஏம்ப்பா, இதே தொட்டி ரோட்டோரத்துல நூத்தம்பதுதானே?"

"கிடைக்கும்மா. ஆனா இதை ஒரு தடவை விரலை மடக்கித் தட்டிப் பாருங்க."

அவர் தட்டுகிறார்.

"நல்லா வெந்திருந்தா இப்படிக் கணீர்னு கேட்கும். அரைவேக்காடா இருந்தாலோ விரிசல் இருந்தாலோ மொத்துன்னு கேட்கும். ரெண்டு மழையில அடி உதிர ஆரம்பிச்சிடும். அங்க வாங்கினாலும் தட்டிப் பார்த்து வாங்குங்கம்மா."

அவ்வளவுதான். இதற்கு மேல் பேசாதீர்கள். அவர் யோசிக்கட்டும். அந்த மௌனம் தாங்காமல்தான் நம்மவர்கள் "சரி, முந்நூறு கொடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். ரோட்டோரக் கடைக்காரரையும் இறக்கிப் பேசாதீர்கள். அவர் விற்பதும் எங்கோ ஒரு குயவர் வனைந்ததுதான்.

"ஸ்வல்ப கம்மி மாடி" (கொஞ்சம் குறைங்க) என்று கேட்பது பெங்களூரில் பழக்கம், அவமதிப்பு இல்லை. சிரித்துக்கொண்டே பதில் சொல்லலாம். விலையைக் குறைப்பதற்குப் பதில் ஏதாவது சேர்த்துக் கொடுங்கள்: மூன்று தொட்டி எடுத்தால் இரண்டு அகல். வாங்கியவருக்கும் திருப்தி, சீட்டில் இருக்கும் விலையும் நிற்கும். கடைசி நாள் சாயங்காலம் பாதி விலைக்குத் தள்ளிவிடும் பழக்கத்தை மட்டும் அடியோடு விடுங்கள். அடுத்த வருடம் அதே ஆட்கள் காலையில் வந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போவார்கள்.

6. குறையை முதலில் நீங்களே சொல்லுங்கள்

சுட்ட மண் தண்ணீரைக் கசியும். அது மண்ணின் குணம், அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. தெரியாமல் மர மேசை மேல் தொட்டியை வைத்தவர் மறுநாள் கறையைப் பார்த்து உங்களைத் திட்டுவார். வெளிப்பக்கத்தில் வெள்ளையாக உப்புப் பூப்பதைப் பூஞ்சை என்று நினைப்பவர்களும் உண்டு. விற்கும்போதே சொல்லிவிடுங்கள்: அடியில் தட்டு வையுங்கள், வெள்ளை பூத்தால் ஈரத் துணியால் துடையுங்கள்.

சமையல் சட்டி விற்றால் பழக்குகிற முறையைச் சீட்டாகவே கொடுங்கள். முதலில் ஒரு நாள் தண்ணீரில் ஊற வைத்து, பிறகு வடித்த கஞ்சியை ஊற்றிச் சிறு தீயில் கொதிக்க வைக்க வேண்டும். சூடான சட்டியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது. வர்ணம் பூசிய அலங்காரச் சட்டியில் சமைக்கவே கூடாது. இந்தச் சீட்டு இல்லாமல் போன சட்டி அடுப்பில் விரிந்தால், குற்றம் உங்கள் பெயரில் வரும். சீட்டோடு போன சட்டியின் சொந்தக்காரர் அடுத்த முறை தன் அக்காவையும் கூட்டிக்கொண்டு வருவார்.

7. போட்டோவும் கூரியரும்

காலை வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம், வெற்றுத் துணி, செல்போன். இவை போதும். ஒரு படத்தில் கை இருக்கட்டும். இல்லாவிட்டால் 4 அங்குலக் கிண்ணத்தை வாங்கியவர் பெரிய சட்டி என்று நினைத்திருப்பார். அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். நிறத்தைக் கூட்டுகிற ஃபில்டர் போடாதீர்கள்.

அனுப்பும்போது பெட்டிக்குள் பெட்டி. பானையின் வயிற்றிலும் காகிதம் திணிக்க வேண்டும், மூக்கும் கைப்பிடியும் தனியாகச் சுற்ற வேண்டும், இரண்டு பெட்டிக்கும் இடையே எல்லாப் பக்கமும் நாலு விரல் இடைவெளியில் நிரப்பு இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் இடுப்பு உயரத்திலிருந்து நீங்களே ஒரு தடவை கீழே போட்டுப் பாருங்கள். அங்கே உடையாதது வண்டியிலும் தாங்க வாய்ப்பு அதிகம்.

8. கம்பெனி ஆர்டரும் கடைப் பாக்கியும்

தீபாவளிக்கு முன் ஐடி கம்பெனிகளிலிருந்து அகல் கேட்டு வருவார்கள். ஒரே ஆர்டரில் மூன்று மாத வேலை வந்துவிடும். ஆபத்தும் அதில்தான். ஒரு தடவை ஒரு பெரிய அலுவலகம் விளக்குகளை வாங்கிக்கொண்டு, வர்ணம் தாங்கள் கேட்டது போல் இல்லை என்று பொங்கல் வரை பணத்தை இழுத்தடித்தது. வர்ணம் அவர்கள் சம்மதித்த மாதிரியைப் போலவே இருந்தது. அந்தச் சம்மதம் எழுத்தில் இருந்ததால் பணம் வந்தது.

அதனால் வரிசை இதுதான். முதலில் மாதிரி, மாதிரிக்கும் காசு வாங்குங்கள். அவர்கள் சம்மதித்த மாதிரியில் தேதி போட்டு ஒன்று உங்களிடம், ஒன்று அவர்களிடம். கையால் செய்வதில் நிறமும் அளவும் சற்று மாறும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதிச் சம்மதம் வாங்குங்கள். பாதிப் பணம் முன்பணமாக வந்த பிறகுதான் மண் பிசைய வேண்டும். விறகும் கூலியும் கடனில் வராது.

மீதிப் பணத்துக்குச் சட்டமே துணை இருக்கிறது. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்திருந்தால், உற்பத்தி செய்யும் குறு, சிறு தொழிலுக்கு 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) வளர்ச்சிச் சட்டம் பொருந்தும். வாங்கியவர் பொருளை ஏற்றுக்கொண்டதிலிருந்து, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதுவும் 45 நாளுக்கு மிகாமல் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. புகாரை ஆன்லைனிலேயே கொடுக்கலாம். 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு பிடியும் வந்தது: இந்தக் கெடுவைத் தாண்டி நிலுவையில் வைத்த தொகையை, உண்மையில் கொடுக்கும் வரை கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு இது நன்றாகத் தெரியும். பில்லில் உங்கள் உத்யம் எண்ணைப் பெரிதாக அச்சிடுங்கள். பல சமயம் அதுவே போதும்.

"விற்றால் காசு" என்று பொருளை வைத்துக்கொள்ளும் கடைகள் வேறு மாதிரி. புதிய கைவினைஞருக்கு அதுதான் வாசல் என்பதால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை உருப்படி கொடுத்தோம், கடையில் உடைந்தால் யார் பொறுப்பு, மாதத்தில் எந்தத் தேதி கணக்கு, எத்தனை நாளில் விற்காததைத் திருப்பி எடுப்பது என்ற நான்கையும் சலானில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்குகிற கடையில் பொருளை வைக்காதீர்கள்.

9. காகிதங்கள்

உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது ஆயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினை ஆணையர் அலுவலகம் தரும் பெஹ்சான் அடையாள அட்டை இருந்தால், அரசு கண்காட்சிகளில் இடம் கேட்க வழி பிறக்கும். 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கிய பிஎம் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் குயவர் தொழிலும் உண்டு. பயிற்சி நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000, பிறகு 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், அதை ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 2 லட்சம் வரை கடன். பதிவு இப்போது நடக்கிறதா என்று பொதுச் சேவை மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி பற்றிப் பயம்தான் அதிகம். கர்நாடகத்தில் பொருள் மட்டும் விற்பவருக்கு வருட விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு விற்றால் பொதுவாகப் பதிவு கட்டாயம்; ஆனால் அரசு பட்டியலிட்ட கைவினைப் பொருள்களுக்கு 20 லட்சம் வரை விலக்கு உண்டு. பான் எண் வேண்டும், சரக்கு எடுத்துப் போக இ-வே பில் வேண்டும். ஆன்லைன் தளங்களில் பதிவில்லாமல் மாநிலத்துக்குள் மட்டும் விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி இருக்கிறது.

2025 ஜூலையில் பெங்களூரில் சின்னக் கடைக்காரர்களுக்கு யுபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது நினைவிருக்கும். பயந்துபோய்ப் பலர் கியூஆர் அட்டையையே எடுத்துவிட்டார்கள். அது தேவையில்லை. வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மச்சான் திருப்பித் தந்த கைமாற்றும் சீட்டுப் பணமும் அதில் வரக் கூடாது. எது விற்பனை, எது வீட்டு வரவு என்று காட்ட முடிந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

10. கண்காட்சி முடிந்த இரவு

களைப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் படுப்பதற்கு முன் நோட்டை எடுத்துவிடுங்கள். கொண்டுபோனது, விற்றது, உடைந்தது, திரும்பி வந்தது என்று வடிவம் வாரியாக நான்கு பத்தி. பக்கத்திலேயே, கேட்டும் நம்மிடம் இல்லாததை எழுதுங்கள்: "மூடியுள்ள சட்டி, நாலு பேர் கேட்டார்கள்", "அடியில் ஓட்டை இல்லாத தொட்டி, ரெண்டு பேர்." நான் மதிக்கும் தகவல் இதுதான், ஏனென்றால் இதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

எண் கொடுத்த வாடிக்கையாளர்களை, அவர் வாங்கிய பொருளோடு சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள். தினமும் செய்தி அனுப்பித் தொந்தரவு செய்ய வேண்டாம். கார்த்திகைக்கு முன் ஒன்று, அடுத்த கண்காட்சிக்கு முன் ஒன்று போதும். இரண்டு கண்காட்சிகளில் திரும்பி வந்த வடிவத்தை அடுத்த சூளையில் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் மூடியுள்ள சட்டி ஒரு வரிசை அடுக்குங்கள்.